மண்ணெண்ணெய் போய் கேஸ் வந்த வீடு

அக்டோபர் 27, ஞாயிறு

வந்து சேர்ந்தேன். இடுப்பு மட்டும் இன்னும் விமானத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவு வலி. நீலாக்கா பழைய வேட்டியில் பொதிந்து தந்த மண்சட்டி உடையவில்லை. விமான நிலையத்தில் ஒருத்தன் தேங்காய்ச் சிரட்டைக்கரிப் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து என்னவென்று கேட்டான். “டாட்டர், பேபி” என்றேன். அவனுக்கு என்ன விளங்கியதோ, போ என்று கையைக் காட்டினான்.

ஷைலா நிறைமாத வயிற்றோடு தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து நின்றாள். திட்டினேன். “நீங்க வந்ததும் தொடங்கியாச்சா?” என்று சிரித்தாள்.

மகளுக்குப் பிரசவம் பார்க்க அப்பன் போகிறானாம் என்று நாகர்கோவிலில் சிரிக்காத ஆள் இல்லை. என் பெண்டாட்டி சரோஜம் இருந்திருந்தால் அவள் வந்திருப்பாள். அவள் போய் இரண்டு வருஷமாகிறது. மருமகன் மதுவுக்குக் கப்பலில் வேலை, தை பிறந்த பிறகுதான் கரை இறங்குவார். அவருடைய அம்மா மார்த்தாண்டத்தில் விசாவைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எங்கே சறுக்குவேன் என்று பார்த்திருக்கிறாள். சம்பந்தி அம்மாளுக்கு அந்தப் பாக்கியத்தை நான் கொடுப்பதாக இல்லை.

வட அயர்லாந்து என்கிற இந்த ஊரில் இரண்டே நிறம்தான். பச்சை, சாம்பல். வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பச்சை டேங்க் நிற்கிறது. வீட்டைச் சூடாக்குகிற எண்ணெய் என்றாள் ஷைலா. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய்! நம்முடைய அதே மண்ணெண்ணெய். ரேஷன் கடையில் ஆயுசு முழுக்க அளந்து ஊற்றியவன் நான், என் மூக்கை ஏமாற்ற முடியாது. ஊரில் ஒரு தெரு முழுக்கக் கேனோடு வெயிலில் நின்று சண்டை போட்டு வாங்குகிற சாமானை இவர்கள் ஆளுக்கொரு டேங்க் வைத்துக்கொண்டு, வரிசையும் இல்லாமல் சண்டையும் இல்லாமல் எரிக்கிறார்கள். பார்க்கப் பொறாமையாகத்தான் இருந்தது.

அக்டோபர் 30, புதன்

காலையில் சாயா குடிக்கும்போது ஷைலா குண்டைத் தூக்கிப் போட்டாள். டேங்கை எடுத்துவிட்டு, தெருவில் புதிதாக வந்திருக்கும் கேஸ் குழாயை வீட்டுக்குள் இழுக்கப்போகிறாளாம்.

“மண்ணெண்ணெ இருக்கப்போ கேஸ் எதுக்கு மக்ளே? அது கேடாக்கும்” என்றேன்.

“போன வருஷம் பனியில லாரி வரலப்பா. டேங்க் வத்திப்போச்சு. நான் கோட்டைப் போட்டுக்கிட்டு மூணு நாள் கெடந்தேன். பிள்ளைய வெச்சுக்கிட்டு என்னால லாரிக்குக் காத்து நிக்க முடியாது.”

“மண்ணெண்ணெ ஒழுகுனா மூக்கு சொல்லும்.”

“கேஸுக்கும் மணம் உண்டு. அதுக்குன்னே சேத்து விடுவாங்க.”

படித்த பிள்ளையோடு பேசி ஜெயிக்க முடியாது. வேலைக்கு வரப்போகிறவன் பெயர் டெக்லன். ஷைலா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வார்டில் இன்னொரு நர்ஸின் புருஷன். கம்பெனி கிம்பெனி ஒன்றும் இல்லை, ஒரே ஆள், ஒரு வேன். நாள் இல்லை என்று எல்லோரும் கைவிரித்தபோது, பிள்ளை பிறக்கிற வீடு என்று இவன்தான் ஒத்துக்கொண்டானாம். எனக்கு அவனைப் பார்க்காமலே பிடிக்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

பெண் குழந்தை. இரண்டு உயிரும் சுகம். பகவதி அம்மைக்கு நூறு கும்பிடு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சரோஜத்தை நினைத்துக்கொண்டேன். எங்கள் மூத்தவன் பிறந்ததும் இதே போல ஒரு மழை நாள்தான், ஐப்பசி. மூன்று வாரம் இருந்தான். ஒரு காலையில் பார்த்தபோது உறக்கத்திலேயே போயிருந்தான். எதற்கு இன்றைக்கு இதை எழுதுகிறேன்? நல்ல நாளும் அதுவுமாக.

குழந்தைக்கு மது மாதிரி காது.

நவம்பர் 11, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. சமையல், துணி, குழந்தைக்கு வெள்ளம் காய்ச்சுவது எல்லாம் நான். பூண்டுக் குழம்பு வைத்தேன். ஷைலா ஒன்றும் சொல்லாமல் தின்றாள். நன்றாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

நீலாக்கா போனில் வந்தாள். எனக்கு மூத்தவள், என்னை இன்னும் நிக்கர் போட்ட பயல் என்றுதான் நினைப்பு. “எலே தாணு, செவ்வா வெள்ளி தலைக்கு ஊத்தினா சாம்பிராணி போட மறக்காத. கதவு சன்னல் எல்லாம் இறுக்கி அடை. காத்து ஒரு பொட்டு புகுந்தாலும் பிள்ளைக்கு மாந்தம் வரும். பொகை போட்டுட்டு சட்டியக் கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சிரு. தாய்க்கும் பிள்ளைக்கும் சூடு கெடைக்கும், கேட்டியா.”

ஷைலாவிடம் சொன்னால், “கரி வேண்டாம்ப்பா, பிள்ளைக்கு நெஞ்சுக்கு ஆகாது. மது அம்மா கப் சாம்பிராணி கொடுத்து விட்டிருக்காங்க, வேணும்னா அதுல ஒண்ணு கொளுத்தி ஒரு நிமிஷம் காட்டிட்டு வெளிய வெச்சிருங்க” என்கிறாள். கப் சாம்பிராணியாம். மெஷினில் அச்சடித்த மாவுக்கட்டி. அதுவும் சம்பந்தி அம்மாள் கொடுத்தது.

நவம்பர் 15, வெள்ளி

ஷைலா தலைக்கு ஊற்றிக்கொள்ளக் குளியலறைக்குள் போன நேரத்தில் காரியத்தை முடித்தேன். பின்பக்கத்து பாய்லர் கொட்டகையில், டேங்கிலிருந்து ஒரு குப்பி மண்ணெண்ணெய் பிடித்து, சிரட்டைக்கரியைப் பற்றவைத்தேன். கனன்று சிவந்த பிறகுதான் மேலே கொண்டுபோனேன். அறைக் கூரையில் புகைக்குக் கூவுகிற வட்டம் ஒன்று இருக்கிறது. ஷைலாவின் பிளாஸ்டிக் குளியல் தொப்பியை அதற்கு மாட்டிவிட்டேன். ரேஷன் கடையில் இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

குழந்தையின் தலையைப் புகையில் காட்டினேன். ஷைலா ஈரத்தலையோடு வந்து, “நல்ல மணமா இருக்குப்பா, கப் சாம்பிராணியும் கொள்ளாம், மோசமில்ல” என்றாள். ஆமாம் என்றேன். சட்டி அப்போது கட்டிலுக்கு அடியில் இருந்தது. போர்வை தொங்கியதால் தெரியவில்லை.

நேற்று வரை மணிக்கொரு தடவை கத்திக்கொண்டிருந்த பிள்ளை, அன்னம் மாதிரி அசையாமல் உறங்கியது. பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “பாத்தியா” என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நவம்பர் 16, சனி

மழை. துணி காயவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

தெருவைத் தோண்டுகிறார்கள். டெக்லன் வந்து வீட்டை அளந்தான். செம்பட்டை முடி, பெரிய ஆள், பேசுவது இங்கிலீஷ்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. வாய்க்குள் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி. சாயா கொடுத்தேன், இஞ்சி தட்டிப் போட்டு. ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

சாம்பிராணி போட்டேன். குழந்தை மறுபடியும் நல்ல உறக்கம். ஷைலாவுக்குத்தான் எழுந்ததும் தலைவலி, ஒரு தடவை ஓக்காளம். தலைக்கு ஊற்றிய நீர் இறங்கியிருக்கும். சுக்கு உரசிப் பற்றுப் போட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

இன்றைக்கும் ஷைலாவுக்குத் தலைவலி. “ராத்திரி உறக்கம் இல்லாததாலதான்” என்று அவளே சொன்னாள்.

குழந்தை இன்றைக்கும் பாலுக்கு எழும்பவில்லை. காலில் சுண்டித்தான் எழுப்பினோம். தங்கமான பிள்ளை.

நவம்பர் 26, செவ்வாய்

நேற்றும் இன்றும் வீடு ரணகளம். டெக்லன் பழைய பாய்லரைப் பிடுங்கி, அடுக்களைச் சுவரில் ஒரு வெள்ளை அலமாரியை மாட்டியிருக்கிறான். அதுதான் புது பாய்லராம். மிச்சமிருந்த மண்ணெண்ணெயை ஒரு லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போனது. டேங்க் வெறுமையாக நின்றதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒரு குப்பி மட்டும் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் சூடு வந்தது. நன்றாகத்தான் வருகிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

போகும்போது டெக்லன் பாய்லருக்குப் பக்கத்தில் கையளவு வெள்ளைப் பெட்டி ஒன்றை வைத்தான். கேஸில் கோளாறு என்றால் அது கூவுமாம், சட்டப்படி வைத்தாக வேண்டுமாம். பிறகு வேனுக்குப் போய் இன்னொன்றை எடுத்துவந்து, மாடிக்கு ஏறி, குழந்தையின் அறை வாசலிலும் ஒன்று வைத்தான். “அது சட்டத்துல இல்லப்பா, குழந்தை இருக்குன்னு அவராத் தாராரு” என்று ஷைலா சொன்னாள். கேஸ்காரனே பயந்து இரண்டு பெட்டி வைக்கிறான் என்றால் கேஸின் யோக்கியதையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

வேலைக் களேபரத்தில் இன்றைக்குச் சாம்பிராணி இல்லை. குழந்தை பகல் முழுக்க அழுதது.

நவம்பர் 29, வெள்ளி

நான் அப்போதே சொன்னேன். சொன்னேனா இல்லையா?

இன்று மத்தியானம், ஷைலாவும் குழந்தையும் உறங்கிக்கொண்டிருக்க, நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மேலே வெள்ளைப் பெட்டி கூவ ஆரம்பித்தது. காதைப் பிய்க்கிற சத்தம். ஓடினேன். ஷைலா எழுந்து உட்கார்ந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள் மாதிரி சுற்றிப் பார்த்தாள். “அப்பா, பிள்ளையத் தூக்குங்க, வெளிய போங்க” என்றாள். எழும்பியவளுக்குக் கால் தள்ளாடியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தையைத் துணியோடு வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அது கண்ணைத் திறக்கவில்லை. குளிர்காற்று முகத்தில் பட்டு, நானும் கன்னத்தைத் தட்டித் தட்டி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதது. ஷைலா பின்னாலேயே வந்து வாசற்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அவள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது குழந்தையை அவள் மடியில் கொடுத்துவிட்டு, ஒரே ஓட்டமாக உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்த சட்டியை எடுத்துக் கொட்டகையில் வைத்தேன். கூரையில் இருந்த தொப்பியையும் கழற்றிவிட்டேன். கரி போட்டது தெரிந்தால் அவள் சத்தம் போடுவாள், இருக்கிற கலவரம் போதாதா என்றுதான்.

கேஸ் கம்பெனியின் அவசர ஆள் வந்து, கையில் ஒரு மீட்டரோடு வீடு முழுக்க நடந்தான். விஷக்காற்று இருக்கிறது என்றான். வேறு ஏதாவது எரித்தீர்களா என்று ஷைலாவைக் கேட்டான். கப் சாம்பிராணி ஒன்று, ஒரு நிமிஷம் என்றாள். அது இவ்வளவு செய்யாது என்று தலையை ஆட்டினான். கேஸை வாசலிலேயே பூட்டி, புது பாய்லரில் சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டுப் போனான். தாயையும் பிள்ளையையும் ஆம்புலன்ஸில் கொண்டுபோய், ரத்தம் எடுத்து, மூக்கில் காற்று வைத்து, ராத்திரிக்கு முன்னால் அனுப்பிவிட்டார்கள்.

ஒரு டேங்க் மண்ணெண்ணெய் இத்தனை வருஷம் இந்த வீட்டில் ஒரு ஈயைக் கொன்றதா? கேஸ் வந்து மூன்றே நாள்.

அக்காவிடம் சொன்னேன். “நீ கூட இருந்தியோ, பிள்ளை பிழைச்சிது” என்றாள்.

நவம்பர் 30, சனி

வீடு ஐஸ். குழந்தை அறையில் மட்டும் கரண்ட் ஹீட்டர்.

டெக்லன் விடியும்போதே வந்துவிட்டான். சவரம் பண்ணவில்லை. பாய்லரின் முன்பக்கத்தைக் கழற்றி, முழங்காலில் நின்று ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தான். நான் டார்ச் பிடித்தேன்.  சாயா கொடுத்தேன், குடிக்கவில்லை. ஒரு கோளாறும் இல்லை என்கிறான் என்று ஷைலா சொன்னாள். அவனுக்கு விளங்காதது ஒன்றுதான். பாய்லர் கீழே இருக்கிறது, அதன் பக்கத்துப் பெட்டி சும்மா இருந்திருக்கிறது. மேலே இருப்பது மட்டும் ஏன் கூவியது?

பத்து மணிக்கு மேல் குளிர் தாங்கவில்லை. கொட்டகைக்குப் போய்ச் சட்டியில் கரியைப் பற்றவைத்தேன். அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்தால் பிள்ளைக்குக் கதகதப்பாக இருக்கும் என்றுதான். கனல் பிடித்து வருகிற நேரத்தில், பழைய குழாயைப் பார்க்க டெக்லன் கொட்டகைக்குள் வந்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவன் சட்டைப் பையில் இருந்த மீட்டர் கூவியது.

அவன் மீட்டரைப் பார்த்தான். சட்டியைப் பார்த்தான். காலால் கதவை உதைத்துத் திறந்தான். பிறகு சட்டியைக் காட்டி, மேலே குழந்தையின் அறை சன்னலைக் காட்டி, ஏதோ கேட்டான். “ஹவுஸ்?” என்பது மட்டும் காதில் விழுந்தது.

“நோ” என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் குனிந்து வெள்ளம் ஊற்றிக் கரியை அணைத்தேன். அவன் கேட்டது எனக்குச் சரியாக விளங்கவில்லை. கரிக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்?

சட்டியை மேலே கொண்டுபோகத் தோன்றவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

ஷைலா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பேசினாள். நாளைக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறாராம். கோளாறு டெக்லன் வேலையில்தான் என்று எழுதிவிட்டால் அவனுடைய லைசென்ஸ் போய்விடும். அவன் பெண்டாட்டி இவளிடம் போனில் அழுதிருக்கிறாள். நாங்கள் உங்கள் குழந்தையைக் கொன்றிருப்போமே என்று.

“அவரு என்ன சொல்லுகாரு?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. வீட்டுல வேற எதாவது எரிச்சீங்களா, இன்னொருக்கா யோசிச்சுப் பாருங்கன்னு மட்டும் கேட்டாரு. இல்லன்னேன்.”

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“அந்த விஷக்காத்து கேஸுல மட்டுந்தான் வருமா மக்ளே?”

“எது எரிஞ்சாலும் வரும்ப்பா. விறகு, கரி. கரியிலதான் ரொம்ப. நிறம் கெடையாது, மணம் கெடையாது. மொதல்ல தலை வலிக்கும், ஓக்காளிக்கும். சின்னப் பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாதில்ல, அசையாம உறங்கும். மூடுன அறையா இருந்தா, உறங்கிக்கிட்டே போயிரும்.”

சொல்லிவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். துணி காயவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கையில் துணியும் இல்லை.

எழுதித்தான் ஆக வேண்டும். அன்னம் மாதிரி உறங்குகிறாள் என்று இதே நோட்டில் எழுதியவன்தானே.

மூத்தவன் பிறந்தது ஐப்பசி மழையில். வடசேரி வீட்டின் பின்னறை, சன்னலை அடைத்து, கதவிடுக்கில் சாக்குத் திணித்திருந்தோம். நீலாக்காதான் பிரசவம் பார்த்தாள். சட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. சரோஜத்துக்குத் தினமும் தலைவலி. நீர் இறங்கியிருக்கும் என்று சுக்கு உரசிப் போட்டோம். பிள்ளை அழவே மாட்டான். தெருவில் எல்லோரும், அழாத பிள்ளை, கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

அவன் போன காலையில் சரோஜத்தின் கை அவன்மேல் கிடந்தது. உறக்கத்தில் தான்தான் அமுக்கிவிட்டதாக நினைத்தாள். இல்லை என்று நானும் சொன்னேன், அக்காவும் சொன்னாள். ஆனால் அவளுக்குச் சொல்ல வேறு காரணம் எங்களிடம் இல்லை. சித்திரை வெயிலில் ஷைலா பிறந்தபோது சட்டிக்கு அவசியமே வரவில்லை. ஆனாலும் சரோஜம் அவளைத் தன் பக்கத்தில் கிடத்தவில்லை. தொட்டிலில் போட்டுவிட்டு, தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்குவாள். ஒரு வருஷம் அப்படி உறங்கினாள். சாகிற வரைக்கும் எந்தக் குழந்தையையும் அவள் மடியில் வாங்கியதில்லை.

 நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஷைலா என்னை ஊருக்கு அனுப்பிவிடுவாள், மதுவின் அம்மா வருவாள். வரட்டும். பிள்ளையை என்னிடமிருந்து யாராவது காப்பாற்றத்தானே வேண்டும்.

டிசம்பர் 2, திங்கள்

அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட வயசாளி. டெக்லன் அடுக்களை மூலையில் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சையில் தோற்ற பையனைப் போல நின்றான். ஷைலா குழந்தையோடு நாற்காலியில் இருந்தாள்.

நான் கொட்டகைக்குப் போய்ச் சட்டியை எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். கரிப் பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இது, நான், மாடியில், கட்டிலுக்கு அடியில், கதவை மூடி என்று சொன்னேன். டெக்லனைக் காட்டி, இவன் நல்லவன், இவன் பெட்டிதான் பிள்ளையைக் காப்பாற்றியது, நான் பொய் சொன்னேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்கு எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. தமிழில் ஷைலாவிடம் சொன்னேன். “இதை அவங்ககிட்ட சொல்லு மக்ளே, ஒரு வார்த்தை விடாம சொல்லு.”

அவள் சொன்னாள். குரல் நடுங்கவில்லை, நர்ஸ் அல்லவா. சொல்லி முடித்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அதிகாரி எழுதிக்கொண்டார். டெக்லன் வெளியே போய் வேனின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். பிறகு உள்ளே வந்து, என்னிடம் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டு, சிவப்புச் சீட்டைக் கிழித்து, பாய்லரைப் பற்றவைத்தான். வீடு சூடாக ஆரம்பித்தது. போகும்போது அடுப்பில் இருந்த சாயாப் பாத்திரத்தைக் காட்டினான். கொடுத்தேன். குடித்தான்.

ஷைலா இன்றைக்கு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வைத்த சோறு அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

சரோஜம், உன் கை இல்லை.

டிசம்பர் 4, புதன்

பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஷைலா வந்து வாசலில் நின்றாள்.

“எங்க போறீங்க?”

“டிக்கெட் எடுத்துக் கொடு மக்ளே. மதுக்க அம்மா வரட்டும்.”

“அவங்க வந்தா மட்டும்? அவங்களும் கரியைத்தான் கொண்டு வருவாங்க.” உள்ளே வந்து பெட்டியை மூடினாள். “இந்த ரெண்டு நாளா உங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்கு ஆத்திரமா வருது. அது போக நாளாகும். ஆனா நீங்க போக வேண்டாம். என்கிட்ட கேக்காம இந்த வீட்டுல ஒரு தீக்குச்சி உரசக் கூடாது. அவ்வளவுதான்.”

சரி என்றேன்.

“அன்னைக்கு டெக்லன் சொன்னது உங்களுக்கு விளங்குச்சா?”

“இல்ல.”

“பிள்ளை நல்லா இருக்கு, அது போதும்னாரு. அதுக்கு முன்ன சொன்னத நான் சொல்லமாட்டேன்.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்த பிறகு அவள் போகவில்லை.

“அப்பா, அண்ணன் பிறந்தது மழைக்காலமா?”

“ஆமா.”

“சட்டி வெச்சிருந்தீங்களா?”

மடித்த துணியையே மறுபடியும் மடித்தேன். அவள் என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். “பாவம் அம்மா” என்றாள். அப்புறம் அவளுக்கும் அழுகை, எனக்கும் அழுகை. கரி வைக்கச் சொன்னது நீலா அத்தையா என்று கடைசியில் கேட்டாள். எனக்கே தோன்றியது என்று சொன்னேன். நம்பினாளா, தெரியாது.

டிசம்பர் 5, வியாழன்

இன்று இருபத்தெட்டாம் நாள். கறுப்புக் கயிறும் வெள்ளிக் கொலுசும் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தேன். இடுப்பில் கயிறு கட்டினேன். பெயர் வைத்தோம். சரோஜினி என்று ஷைலாதான் தேர்ந்தெடுத்தாள். மது கப்பலிலிருந்து போனில் பார்த்தார். டெக்லனும் பெண்டாட்டியும் வந்தார்கள். பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தான்.

எல்லோரும் போன பிறகு நீலாக்காவின் போன்.

“கயிறு கெட்டியாச்சாலே? பிள்ளை எப்படி?”

“நல்லா இருக்கா அக்கா.”

“சட்டி வெக்கியா? மறக்காத. உனக்க மூத்தவனுக்கு நான்தானே வெச்சேன். இருந்த மூணு வாரமும் குளிர் அண்டாம பாத்துக்கிட்டேன். என்னமா உறங்குவான் தெரியுமா. ஆயுசு இல்ல, அதுக்கு நாம என்ன செய்ய.”

அவளுக்குப் பிள்ளை இல்லை. மூத்தவனைத் தன் பிள்ளை என்றுதான் சொல்லுவாள். இன்றைக்கும் அவன் போன நாளில் ஒரு நேரம் பட்டினி கிடக்கிறாள்.

“இங்க சட்டி வேண்டாம் அக்கா. கேஸ் சூடே போதும்.”

“கேஸா? நீதானே அது கேடுன்னு குதிச்ச?”

“இல்ல, நல்ல சூடாக்கும்.”

“என்னவோ. நான் அன்னைக்கு அவனுக்கு ஒரு குறையும் வைக்கல, கேட்டியா.”

“ஆமா அக்கா” என்றேன். “நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட.”

போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். டெக்லன் சொல்லித் தந்தபடி, குழந்தையின் அறை வாசலில் இருக்கும் வெள்ளைப் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். நன்றாகக் கூவியது. உள்ளே சரோஜினி திடுக்கிட்டு எழுந்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்த ஆரம்பித்தாள். ஷைலா கீழே இருந்து, “அப்பா, இப்பத்தானே உறங்கவெச்சேன்” என்று சத்தம் போட்டாள்.

குழந்தையைத் தூக்கினேன். அழட்டும் என்று விட்டேன்.